ரோமரின் குலமுறை

கி.பி. 48-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் செனட் சபைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலுள்ள கால்லியா தேசத்துப் பிரபுக்கள், ரோமப் பிரஜைகள் என்ற அந்தஸ்து தங்களுக்கு முன்னரே கிடைத்திருப்பதால், தலைநகரில் உயர் பதவி வகிக்கும் உரிமையையும் அளிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பாட்டனார் காலத்தில் நம்மோடு போர் புரிந்த கூட்டத்தார் இன்று நமக்குச் சமமாக ஆசனம் கோருவதா என்று சபையோர் முகம் சுளித்தபோது, சரித்திர ஆராய்ச்சியில் மிகுந்த ஈடுபாடு கொண்டவரும், ரோமாபுரிக்கு வடக்கே வாழ்ந்த எட்ரூஸ்கருடைய வரலாற்றைக் கிரேக்க பாஷையில் இருபது பாகங்களாக எழுதியவருமான க்ளாடியஸ் சக்கரவர்த்தி எழுந்து, நகரத்தின் ஆதியரசர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் என்பதை ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லலானார். ரோமுலஸுக்குப் பின் அரசு கட்டிலேறிய நூமா, ஸாபைனர் நாட்டிலிருந்து வந்தவன். பின்னர் ஆண்ட தார்க்வினியஸின் தந்தை கொரிந்து நகரத்துக் கிரேக்கன், தாய் எட்ரூஸ்க நாட்டுப் பெண். அவனை அடுத்து ஆண்ட ஸெர்வியஸ் துல்லியஸ், சிறைப்பட்டு வந்த ஒருத்தியின் மகன் என்று ரோம ஆசிரியர்கள் எழுத, அவன் மாஸ்தார்னா என்ற பெயர் கொண்ட எட்ரூஸ்கப் படைத்தலைவன் என்று எட்ரூஸ்க நூல்கள் கூறின. இப்பிரசங்கத்தைப் பொறித்த வெண்கலப் பலகையின் பெரும்பகுதி 1528-இல் பிரான்ஸிலுள்ள லியோன் நகரில் அகப்பட்டு, இன்றும் அங்கேயே இருக்கிறது.

மாஸ்தார்னாவின் கதை கிழச் சக்கரவர்த்தியின் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி, 1857-இல் வுல்சி என்ற எட்ரூஸ்க நகரத்தின் கல்லறையொன்றில் கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. அவற்றில் மாஸ்தார்னா என்று பெயரெழுதிய வீரன் ஒருவன் தன் நண்பனுடைய கட்டுக்களை அறுத்து விடுவிக்கிறான். வேறொரு பகுதியில் ரோமாபுரியைச் சேர்ந்த தார்க்வினியஸ் என்று குறிக்கப்பட்டவன் வெட்டுண்டு விழுகிறான். ரோமர் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, அவர்களுடைய அரசர்களைப் பற்றி அண்டை நாட்டார் வேறு விதமான கதையை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

ரிஷிமூலமும் நதிமூலமும் விசாரிக்கலாகாது என்பது நம்முடைய முதுமொழி. பழைய ஜாதியார் பலரும் இந்த விசாரணைக்கு இடம் கொடாமல், தாங்கள் வசிக்கும் மண்ணிலேயே தோன்றியவர்கள் என்று சொல்லிவிடுவதை விரும்பினார்கள். ஏதென்ஸ் நகரத்தார், தங்கள் முன்னோர் வேறெங்கிருந்தும் வராமல் அட்டிகா நாட்டு மண்ணிலிருந்தே முளைத்தவர்கள் என்பதைப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். ரோமருடைய ஐதிகம் இதற்கு நேர்மாறானது. அவர்கள் சொல்லும் ஒவ்வொரு கதையிலும் யாராவது ஓரிடத்திலிருந்து தப்பியோடி வருகிறார்கள், அல்லது துரத்தப்பட்டு வருகிறார்கள், அல்லது கடத்திக் கொண்டு வரப்படுகிறார்கள். இக்கதைகளில் வரும் பெயர்களும் தேதிகளும் பெரும்பாலும் பொய் என்றே ஆராய்ச்சியாளர் தீர்ப்பளித்திருந்தாலும், தாம் கலப்பினத்தார் என்று ரோமர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட அந்த ஒரு விஷயத்தில், சென்ற நூற்றிருபது ஆண்டுகளாகப் பூமியைத் தோண்டியும் எலும்பைத் துளைத்தும் கிட்டியுள்ள ஆதாரங்கள் புராணத்தின் பக்கமே சாய்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

கதையை அறியாதவர்கள் குறைவு. ஆல்பா லோங்கா என்ற ஊரின் அரசனைத் தம்பி விரட்டிவிட்டு, அண்ணன் மகளான ரேயா ஸில்வியாவுக்குச் சந்ததி உண்டாகாதபடி அவளை வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிணியாக்கினான். அவள் யுத்த தேவனாகிய மார்ஸால் இரட்டையரைப் பெற்றாள். டைபர் நதியில் விடப்பட்ட குழந்தைகளை ஓநாய் பாலூட்டிக் காத்தது. இடையன் எடுத்து வளர்த்தான். வளர்ந்தபின் நகரம் அமைக்கையில் ஏற்பட்ட தகராறில் ரோமுலஸ் தன் சகோதரன் ரீமஸைக் கொன்றான். இது வரையில் வீரர்களின் பிறப்பைப் பற்றி எத்தனையோ தேசங்களில் வழங்கும் கதைதான். விசேஷம் இதன் பின்னர் வருகிறது. நகரத்துக்கு மதில் உண்டு, மக்கள் இல்லை. ஆகவே கப்பிடோல் குன்றில் இரண்டு சோலைகளுக்கு நடுவே ஓர் அடைக்கல ஸ்தலத்தை ஏற்படுத்தி, சுதந்திரனாயினும் அடிமையாயினும் வந்தவன் யார் என்று கேளாமல் ரோமுலஸ் சேர்த்துக்கொண்டான் என்று ரோம சரித்திராசிரியர் லிவி எழுதுகிறார். அவ்வாறு சேர்ந்த கூட்டத்துக்குப் பெண் கொடுக்க அக்கம்பக்கத்தார் மறுத்ததனால், திருவிழாவுக்கு வந்த ஸாபைனப் பெண்களைப் பலவந்தமாகத் தூக்கிச் சென்றார்கள். அதனால் மூண்ட யுத்தத்தின் நடுவே அப்பெண்களே புகுந்து தந்தையரையும் கணவரையும் சமாதானப்படுத்த, ஸாபைன அரசனாகிய டைட்டஸ் டாட்டியஸும் ரோமுலஸும் சேர்ந்து ஆண்டார்கள். தன் முதற்குடிகளை ஓடிவந்தவர்கள் என்றும், முதல் தாய்மார்களைக் கடத்தி வரப்பட்டவர்கள் என்றும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட வேறொரு பேரரசு இருந்ததாகத் தெரியவில்லை.

ஈனியஸின் கதை வேறு வகையைச் சேர்ந்தது. அது இத்தாலியில் முளைத்ததன்று, கிரேக்கர் கொண்டுவந்து நட்டது. புதிய தேசம் எதைக் கண்டாலும் அதைத் தங்கள் காவியங்களில் வரும் யாராவதொரு வீரனுடைய அலைச்சலோடு இணைத்துவிடுவது கிரேக்கருக்கு வழக்கம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஹெல்லானிக்கஸ் என்ற கிரேக்க ஆசிரியர், டிராய் நகரம் எரிந்தபோது தப்பிய ஈனியஸே ரோமாபுரியை ஸ்தாபித்தவன் என்று எழுதிவிட்டார். வயோதிகத் தந்தையைத் தோளில் சுமந்து செல்லும் ஈனியஸின் உருவம், எட்ரூஸ்கக் கல்லறைகளில் கிடைத்த கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கலசங்களிலேயே தீட்டப்பட்டிருக்கிறது. ரோமாபுரிக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய லவீனியத்தில் பதின்மூன்று பலிபீடங்கள் வரிசையாகக் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுக்குச் சமீபத்தில், கி.மு. ஏழாம் நூற்றாண்டுத் தலைவன் ஒருவனுடைய சமாதியைப் பிற்காலத்தார் ஆலயமாக மாற்றி வழிபட்ட இடத்தைப் பல அறிஞர்கள் ஈனியஸின் சமாதி என்று அக்காலத்தார் கருதியதாகக் கொள்கிறார்கள்.

இரண்டு கதைகளையும் ஒன்றாகப் பிணைத்தபோது ஒரு கணக்குத் தகராறு எழுந்தது. ஆதியில் எழுதிய லத்தீன் கவிகள், ரோமுலஸை ஈனியஸின் மகள் வயிற்றுப் பேரன் என்றே எளிதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எரட்டாஸ்தனீஸ் என்ற கிரேக்கப் பேரறிஞர் கணித்தபடி டிராய் வீழ்ந்தது கி.மு. 1184 அளவில், ரோமாபுரி ஸ்தாபிக்கப்பட்டதோ, ரோம அறிஞர் வாரோவின் கணக்கை ஏற்றுப் பிற்காலத்தார் நிலைநிறுத்தியபடி கி.மு. 753. பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே நானூற்று முப்பது வருஷங்கள் இருக்க முடியாதல்லவா? அந்தப் பள்ளத்தை நிரப்ப ஆல்பா லோங்காவில் ஓர் அரச வம்சமே சிருஷ்டிக்கப்பட்டது. டைபர் நதிக்குப் பெயர் கொடுக்க டிபெரினஸ், அவந்தைன் குன்றுக்குப் பெயர் கொடுக்க அவந்தினஸ் என்று மலைக்கும் நதிக்கும் முடிசூட்டி வரிசையில் நிறுத்தியதைக் காணும்போது, வம்சாவளி எழுதுவோருடைய சாமர்த்தியம் எல்லா தேசங்களிலும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. ஆல்பா லோங்கா என்ற பெருநகரமும் பூமியில் அகப்படவில்லை. ஆல்பன் ஏரியைச் சுற்றிலும் சிறு கிராமங்களின் தடயங்களே கிடைத்திருக்கின்றன.

டிராய் வம்சம் ரோமருக்கு ராஜ தந்திரத்தில் மிகவும் உபயோகப்பட்டது. கி.மு. 280-இல் கிரேக்க அரசனாகிய பிர்ரஸ், தான் அக்கிலீஸின் வழித்தோன்றல் என்ற நினைப்புடன், டிராய் நாட்டாரின் குடியேற்றமாகிய ரோமாபுரியைத் தாக்கப் படையெடுத்தான் என்று பௌஸேனியஸ் குறிக்கிறார். எதிரிகூட ஒப்புக்கொண்ட வம்சம் என்றாகிவிட்டது. கி.மு. 188-இல் ஆசியா மைனரின் நகரங்களுக்கு ரோமர் ஏற்பாடு செய்தபோது, பழைய டிராய் இருந்த இடத்திலுள்ள இலியம் என்ற சிற்றூரைச் சொந்தக்காரரின் ஊராகப் பாவித்துச் சலுகைகள் வழங்கினார்கள். ஜூலியஸ் ஸீஸரின் குலத்தார் ஈனியஸின் மகன் வழியாக வீனஸ் தேவியிடமிருந்தே தங்கள் வம்சத்தைத் தொடங்கினார்கள், கி.மு. 46-இல் ‘தாயாகிய வீனஸ்’ என்ற பெயரில் ஸீஸர் கோயிலும் கட்டினான். கி.மு. 19-இல் கவி வர்ஜில், ஈனியஸைப் பற்றிய தம் காவியத்தை முடிக்காமலே இறந்தபோது, கதை எவரும் மறுக்க முடியாத மகுடத்தைப் பெற்றுவிட்டது.

கப்பிடோல் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கல ஓநாயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு எட்ரூஸ்கச் சிற்பியின் கைவண்ணம் என்று நெடுங்காலம் பள்ளிப் புத்தகங்கள் கற்பித்த அந்த ஓநாயின் வயிற்றடியிலுள்ள இரண்டு குழந்தைகளும் பதினைந்தாம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை என்பது பழைய செய்தி. 2006-இல் அதன் வார்ப்பு முறையை ஆராய்ந்த அன்னா மரியா கர்ருபா, பிராணி முழுவதும் ஒரே வார்ப்பாக இருப்பதைக் காட்டி அது இடைக்காலத்தது என்று வாதித்தார். வார்ப்பு மண்ணில் எஞ்சியவற்றைக் கொண்டு செய்த கதிரியக்கக் கரியமச் சோதனைகளும் பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளையே சுட்டின. ரோமப் பூர்வீகத்துக்கு உலகமெல்லாம் அடையாளமாக வழங்கும் உருவமே சந்தேகத்துக்குரியதாகிவிட்டதில் வேடிக்கை இருக்கிறது. எனினும் ஓநாயின் கதை பழையதுதான். கி.மு. 296-இல் ஒகுல்னியஸ் சகோதரர்கள் இரட்டையரின் சிலையை நிறுவினார்கள், கி.மு. 269 அளவில் வெள்ளி நாணயத்திலும் ஓநாய் குழந்தைகளுக்குப் பாலூட்டுகிறது.

புராணத்தை விட்டு மண்ணுக்கு வருவோம். ரோமாபுரியின் பாலத்தைன் குன்றின் தென்மேற்கு மூலையில் 1948-இல் தோண்டியபோது, பாறையில் குடைந்த குழிகள் வரிசையாகத் தென்பட்டன. அவை குடிசைகளுக்குக் கம்பம் நட்ட குழிகள். கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய அக்குடிசைகளுள் பெரியதொன்று சுமார் 5 மீட்டர் நீளமும் மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் கொண்டது. சுவர் மண்ணாலும் நாணலாலும் ஆனது, கூரை வைக்கோல். அதே மூலையில்தான் ‘ரோமுலஸின் குடிசை’ என்று ஒன்றைப் பிற்கால ரோமர், பழுதுபடுந்தோறும் பழைய வடிவிலேயே செப்பனிட்டுக் காத்து வந்தார்கள் என்று ஹாலிகார்னஸஸ் நகரத்து டயோனிஸியஸ் எழுதியிருக்கிறார். 1988-இல் ஆந்த்ரேயா கரன்தீனி அக்குன்றின் வடக்கு அடிவாரத்தில் எட்டாம் நூற்றாண்டு மதிலொன்றைக் கண்டு, ரோமுலஸின் மதில் இதுவே என்று பிரகடனம் செய்தபோது பெரும் ஆரவாரம் எழுந்தது. மதில் உண்மை, அதைக் கட்டியவனுடைய பெயர் அதில் எழுதப்பட்டில்லை. மேலும் இக்குன்றுகளில் ஜனங்கள் கி.மு. 1000-க்கு முன்பே குடியிருந்ததைக் கப்பிடோலில் கிடைத்த ஓடுகள் காட்டுவதால், ஒரு நாளில் ஒருவன் கலப்பையால் எல்லை கீறி நகரத்தைத் தொடங்கினான் என்பதை ஏற்பதற்கில்லை. பல குன்றுகளின் பல கிராமங்கள், நூற்றாண்டுகளில் ஒன்றோடொன்று நெருங்கி, நடுவிலிருந்த சதுப்பு நிலத்தை வடித்து நிரப்பிப் பொது வெளியாக்கியபோது நகரம் உண்டாயிற்று.

புராணம் விஞ்ஞானத்தை எப்படி வழிதவறச் செய்யும் என்பதற்கு நல்ல திருஷ்டாந்தம் ஒன்றும் இங்கே உண்டு. ஜாக்கோமோ போனி என்பவர் 1902-இல் அந்தப் பொது வெளியின் ஓரத்தில் மிகப் பழைய மயானத்தைக் கண்டுபிடித்தார். சில குழிகளில் பிணத்தை எரித்த சாம்பல், குடிசை வடிவிலான தாழிகளில் வைக்கப்பட்டிருந்தது. வேறு சிலவற்றில் உடல் எரிக்கப்படாமல் கிடத்தப்பட்டிருந்தது. உடனே அறிஞர்கள், எரித்தவர்கள் லத்தீனர், புதைத்தவர்கள் ஸாபைனர்; ரோமுலஸும் டைட்டஸ் டாட்டியஸும் செய்துகொண்ட உடன்படிக்கை மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று மகிழ்ந்தார்கள். இக்கொள்கை பல்லாண்டு கோலோச்சியது. பின்னர் ரோமாபுரிக்குக் கிழக்கே காபியை நகரத்தை அடுத்த ஓஸ்டீரியா டெல்லோஸாவில் சுமார் 600 கல்லறைகளை நிதானமாகத் தோண்டிப் பார்த்தபோது, ஒரே குடும்பத் தொகுதியில் ஒரே காலத்தில் எரித்தலும் புதைத்தலும் நடந்ததும், எரிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வயது வந்த ஆண்கள் என்பதும் புலப்பட்டன. வேறுபாடு இனத்தால் அன்று, வயதாலும் ஆண் பெண் என்ற பேதத்தாலும் வீட்டில் வகித்த ஸ்தானத்தாலும் வந்தது. கதையைக் கையில் வைத்துக்கொண்டு எலும்பைத் தேடினால், எலும்பு கதையையே சொல்லும்.

ஆனால் ஸாபைனரின் கலப்பு கல்லறையில் இல்லாவிட்டாலும் பாஷையில் இருக்கிறது. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் பொதுவானதொரு மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டுமென்று 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் எடுத்துரைத்த அந்த மொழிக் குடும்பத்தில், லத்தீன் இத்தாலியக் கிளையைச் சேர்ந்தது. மலைப்புறத்து ஸாபைனரும் அவர்களுடைய சுற்றத்தாரும் பேசியவை அதே கிளையின் இன்னொரு கொம்பு. மாட்டுக்கும் ஓநாய்க்கும் லத்தீனில் வழங்கும் பெயர்கள் லத்தீனுக்குரிய ஒலி விதிகளுக்கு அடங்காமல், அந்த மலைப்புறத்துப் பாஷைகளின் விதிகளுக்கே பொருந்துகின்றன. ஆடு மாடுகளுடன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களோடு லத்தீனர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள் என்பதற்கு மொழியாராய்ச்சி தரும் ஆதாரம் இது.

அவர்கள் ஏன் அங்கே இறங்கினார்கள் என்பதற்குத் தேச அமைப்பே விடை. டைபர் நதியில் கடலிலிருந்து மேல்நோக்கிச் செல்பவர் கடப்பதற்கு வசதியான முதல் இடம், நடுவே தீவு இருக்கும் அந்தத் திருப்பமே. நதியின் முகத்துவாரத்தில் உப்பளங்கள். உள்நாட்டு மலைகளில் உப்பில்லாத மேய்ச்சல்காரர்கள். இருவருக்கும் இடையே சென்ற பாதை பிற்காலத்திலும் ‘உப்புப் பாதை’ என்றே பெயர் பெற்றது. நதிக்கு வடகரையில் எட்ரூஸ்கர். அவர்களுடைய வெய் நகரம் ரோமாபுரிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் தூரமே. தெற்கே காம்பானியாவில் கிரேக்கக் குடியேற்றங்கள். குன்றுகளின் அடியிலுள்ள மாட்டுச் சந்தை வெளியில் கி.மு. எட்டாம் நூற்றாண்டுக் கிரேக்க மட்பாண்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் என்ற கதையைக் கட்டியவர்கள், துறையடியில் எல்லா ஜாதியாரும் வந்து தங்கிய அன்றாட அனுபவத்தையே கதையாக்கினார்கள் என்று நான் ஊகிக்கிறேன்.

எட்ரூஸ்கரின் மூலமோ நெடுநாளைய புதிர். பஞ்சத்தால் வாடிய லிடியா நாட்டார் பாதிப்பேர் அரசகுமாரன் தலைமையில் கப்பலேறி இத்தாலி வந்தார்கள் என்று ஹெரடோட்டஸும், அவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகளே என்று டயோனிஸியஸும் கூறினார்கள். அவர்களுடைய பாஷை இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேராதது. ஈஜியன் கடலிலுள்ள லெம்னோஸ் தீவில் 1885-இல் கிடைத்த கல்வெட்டு ஒன்று அதற்கு நெருங்கிய உறவினதாகக் காணப்பட்டதால், கிழக்கிலிருந்து வந்தவர்கள் என்ற கட்சி பலம் பெற்றது. 1947-இல் மாஸிமோ பல்லொத்தீனோ, ஓர் இனம் ‘எங்கிருந்து வந்தது’ என்று கேட்பதைவிட ‘எவ்வாறு உருவாயிற்று’ என்று கேட்பதே தகும் என்று வழக்கின் போக்கையே மாற்றினார். 2021-இல் மத்திய இத்தாலியிலும் தென் இத்தாலியிலும் கிடைத்த 82 பேருடைய எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், எட்ரூஸ்கரிடம் அண்மைக் காலத்தில் ஆசியா மைனரிலிருந்து வந்த சுவடு எதையும் காணவில்லை. லத்தீனரைப் போலவே அவர்களும் அந்நாட்டுப் பழைய உழவரும், வடக்கே புல்வெளிகளிலிருந்து பரவிய கூட்டத்தாரும் கலந்த சந்ததியார். இரத்தம் ஒன்று, பாஷை இரண்டு. புல்வெளியாரோடு வந்த இந்தோ-ஐரோப்பியப் பாஷை நதியின் தென்கரையில் நிலைத்து, வடகரையில் தோற்றது ஏன் என்பதற்கு மரபணு விடை சொல்லாது.

ரோமரைப் பற்றிய பெரிய மரபணு ஆராய்ச்சி 2019-இல் வெளிவந்தது. ரோமாபுரியையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 29 இடங்களிலிருந்து, பன்னிரண்டாயிரம் ஆண்டுகளைத் தழுவிய 127 பேருடைய எலும்புகள் அதில் பரிசோதிக்கப்பட்டன. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அனத்தோலியாவின் வழியாக வந்த உழவர் வேட்டுவரோடு கலந்தது ஒரு படலம், கி.மு. 2900-க்கும் 900-க்கும் இடையே புல்வெளி மரபு வந்து சேர்ந்தது அடுத்தது. நகரம் உருவான இரும்புக் காலத்தைச் சேர்ந்த பதினொருவர் மட்டுமே கிடைத்தார்கள். அவர்களும் பெரும்பாலும் சுற்றுப்புற ஊரார். குன்றுகளின் முதற்குடிகள் தம் முதியவர்களை எரித்துவிட்டதனால், நாம் அதிகமாகக் கேட்க விரும்பும் சாட்சிகளே வாய் திறவாமல் இருக்கிறார்கள். அப்பதினொருவரில் எண்மர் ஐரோப்பியப் பிரிவில் அடங்க, எஞ்சியவர்களிடம் கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் சாயலும் ஆப்பிரிக்கச் சாயலும் தெரிகின்றன. ஸீஸருக்கு எத்தனையோ தலைமுறை முன்பே, ரோமாபுரியைச் சூழ்ந்த சிறிய லாத்தியம் நாட்டில்.

சக்கரவர்த்திகளின் காலத்து எலும்புகளைப் பார்த்தால் மாறுதல் பிரமிக்கத் தக்கது. 48 பேரில் அதே ஐரோப்பியப் பிரிவில் அடங்குபவர் இருவரே; பெரும்பாலோர் கிரேக்கம், ஸிரியா, ஆசியா மைனர் ஆகிய கீழ்த்திசை நாட்டாரோடு உறவு காட்டுகிறார்கள். துறைமுகத்துக் கல்லறையும் இவற்றுள் சேர்ந்திருப்பதால் வெளிநாட்டார் தொகை சற்று அதிகமாகத் தோன்றலாம். ஆயினும் கிரேக்கரும் ஸிரியரும் நகரத்தை நிரப்பிவிட்டதாக ஜுவெனால் என்ற அங்கதக் கவி அக்காலத்திலேயே பொருமியது வெறும் கற்பனையன்று. வணிகர் வந்தார்கள், படைவீரர் வந்தார்கள். எல்லாருக்கும் மேலாக அடிமைகள் வந்தார்கள். முறைப்படி விடுதலை பெற்ற அடிமையைப் பிரஜையாக ஏற்பது ரோமரின் விசித்திர வழக்கமாகப் பிறருக்குத் தோன்றியது, கி.மு. 214 அளவில் மாஸிடோனியாவின் ஐந்தாம் பிலிப் தன் ஆளுகைக்குட்பட்ட லாரிஸ்ஸா நகரத்தாருக்கு எழுதிய கடிதமொன்று கல்லில் வெட்டிக் கிடைத்திருக்கிறது; அதில் இந்த வழக்கத்தைச் சுட்டி, இதனாலல்லவா ரோமர் பெருகினார்கள், நீங்களும் அன்னியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்கிறான்.

விடுதலையான அடிமை, எஜமானனுடைய குலப்பெயரைத் தன் பெயராகத் தரித்துக்கொள்வான். ஆகவே கல்லறைக் கல்லில் காயஸ் ஜூலியஸ் என்று பெயர் வெட்டியிருப்பதைக் கண்டு, இவன் ஈனியஸின் வழி வந்தவன், வீனஸின் சந்ததி என்று வாசிப்பவன் ஏமாறுவான். அந்தியோக்கியாவின் அடிமைச் சந்தையில் வாங்கப்பட்டு, முப்பது வயதில் விடுதலையடைந்து, ரோமாபுரியில் ரொட்டிக் கடை வைத்து, மகனைப் பிரஜையாக விட்டுச் சென்ற ஸிரியனாகவும் அவன் இருக்கக்கூடும்.